சிபியு ஆன் ஆகலையா? முதல்ல சுவத்துல இருந்து ஆரம்பிங்க

போன ஐப்பசில ஒரு காலைல கானாடுகாத்தான்ல இருந்து ஒரு ஆச்சி போன் பண்ணுனாக. "தம்பி, சிபியுல உசுரே இல்லப்பா, பட்டனை அமுக்கி அமுக்கி விரல் தான் வலிக்குது, நாளைக்குள்ள புள்ளிவரி (கோயிலுக்கு குடும்பக் கணக்குல குடுக்குற வரி) கணக்கை பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும்"னு பதறுனாக. முந்துன நாளே யாரையோ கூப்பிட்டுக் காட்டியிருக்காக, வந்தவரு கேபினெட்டைத் தொறந்து பாத்துட்டு எஸ்எம்பிஎஸ் (சுவத்துக் கரண்ட்டை கம்ப்யூட்டருக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்குற டப்பா) போச்சு, அநேகமா மதர்போர்டும் (எல்லா பாகமும் மாட்டுற பெரிய பலகை) சேந்து போயிருக்கும், புதுசு வாங்கிருங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. நான் காரைக்குடில இருந்து பஸ்ஸு புடிச்சுப் போயி பாத்தேன். பட்டாலைக் கூடத்துல தேக்குப் பலகைல அடிச்ச பழைய ஸ்விட்ச் போர்டு, டெஸ்டர் வச்சா லைட்டு நல்லா எரியுது. அதே பிளக்குல டேபிள் ஃபேனை மாட்டுனா ஃபேன் சுத்தல. போர்டைக் கழட்டுனா உள்ள நியூட்ரல் ஒயர் (கரண்ட்டு திரும்பிப் போற ஒயரு) கருகி, ஸ்க்ரூவை விட்டு வெளிய வந்து கெடக்கு. எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து நுனியை வெட்டி, புதுசா ஒரு பிளக் பாயிண்ட் போட்டுக் குடுத்தாரு, சிபியு முதல் அமுக்குலயே ஆன் ஆயிருச்சு. மதர்போர்டுக்கு ஒண்ணுமே ஆகல.

இந்த மாதிரி வருசத்துக்கு எத்தனையோ பாக்குறேன், அதனால தான் இதை எழுதுறேன். கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாதவங்களும் பாதி வழி வரைக்கும் தாங்களே பாத்துக்கலாம். கரண்ட்டு எந்த வழியா வருதோ அதே வழியா நாமளும் போகணும், சுவத்துல ஆரம்பிச்சு ஒயரு, யூபிஎஸ், எஸ்எம்பிஎஸ், பட்டன், மதர்போர்டுன்னு வரிசையா. நடுவுல பாஞ்சு நேரா கேபினெட்டைத் தொறந்தோம்னா தேவையில்லாம காசு போகும்.

எது ஆன் ஆகலன்னு முதல்ல பாருங்க

நம்ம ஊர்ல கேபினெட் மொத்தத்தையும் சிபியுன்னு தான் சொல்றோம், நானும் அப்படியே சொல்றேன். "ஆன் ஆகல"ன்னு சொல்ற பாதி பேருக்கு உண்மையில சிபியு ஆன் ஆகும், மானிட்டர்ல தான் படம் வராது. அது வேற வியாதி, அதுக்கு வைத்தியமும் வேற. அதனால பட்டனை அமுக்கிட்டு காதை கேபினெட் பக்கத்துல வைங்க, ஃபேன் சத்தம் கேக்குதா, முன்னாடி லைட்டு எரியுதா, பீப் பீப்னு சத்தம் வருதா, இல்ல ஃபேன் லேசா ஒரு ஆட்டம் ஆடிட்டு நின்னுருதா. பாத்ததை ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க. பின்னாடி கடைக்குக் கொண்டு போனாலும் "ஒரு சத்தமே இல்ல" அப்படிங்குறதுக்கும் "அரை செகண்டு சுத்தி நின்னுச்சு" அப்படிங்குறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்ப சுவத்துக்கு வாங்க

டெஸ்டர் எரிஞ்சா கரண்ட்டு வருதுன்னு நம்பாதீங்க. டெஸ்டர் ஃபேஸ் (கரண்ட்டு வர்ற கம்பி) இருக்கான்னு மட்டும் தான் காட்டும், நியூட்ரல் இருக்கான்னு அதுக்குத் தெரியாது, ரெண்டும் இருந்தா தான் எந்த சாமானும் ஓடும். சரியான சோதனை என்னன்னா அதே பாயிண்ட்ல ஒரு டேபிள் ஃபேனோ மிக்சியோ மாட்டிப் பாக்குறது. செல்போன் சார்ஜர் அவ்வளவு நல்ல சோதனை இல்ல, அது ரொம்பக் கம்மியா இழுக்குறதால லூஸ் கான்டாக்ட்டுலயும் ஏறும், சிபியு இழுக்குறப்ப தான் அந்த லூஸ் வெளிய தெரியும்.

செட்டிநாட்டுப் பழைய வீட்டுல இந்த ஸ்விட்ச் போர்டு விசயத்தைக் கொஞ்சம் நின்னு பாக்கணும். நிறைய வீட்டுல வயரிங் தாத்தா காலத்துது, மரச் சட்டத்துக்குள்ள ஓடுற ஒயரு, கருப்பு உருண்டை ஸ்விட்ச்சு, ரெண்டு ஓட்டை பிளக்கு. ஆளுங்க வெளிநாட்டுலயும் சென்னைலயும் இருக்குறதால வருசத்துல பாதி நாள் வீடு பூட்டிக் கெடக்கும், அந்த நேரத்துல எறும்பு போர்டுக்குள்ள புத்து கட்டும், பல்லி உள்ள போயி ரெண்டு கம்பிக்கு நடுவுல கருகிக் கெடக்கும், பிளக்கு உள்ள இருக்குற பித்தளைத் தகடு விரிஞ்சு போயி பின்னைப் புடிக்காது. பிளக்கை மாட்டுனா ஆடுதா, மாட்டுற நேரம் சர்ர்னு பொறி சத்தம் வருதா, கொஞ்ச நேரம் ஓடுனதும் பிளக்கு சுடுதா, இதுல எது இருந்தாலும் அந்தப் பாயிண்ட்டை மாத்தியே ஆகணும். போர்டை நீங்களே கழட்ட வேணாம், பீஸ் கட்டையைப் புடுங்கி வச்சாலும் பழைய வயரிங்ல எது எங்க போகுதுன்னு சொல்ல முடியாது, எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க.

இன்னொண்ணு இருக்கு, இது ஆபத்தானது. பெரிய வீடு பலதுல மூணு ஃபேஸ் சர்வீஸ் இருக்கும். உள்பக்கம் வளவுல ஒரு லைட்டு மங்கலாவும் முகப்புல இன்னொரு லைட்டு கண்ணைக் கூசுற அளவுக்கும் எரிஞ்சா, மெயின் நியூட்ரல் விட்டுப் போச்சுன்னு அர்த்தம். அப்ப 230 வோல்ட்டு வர வேண்டிய எடத்துல 400 வோல்ட்டு வரைக்கும் ஏறலாம். சிபியுவை மறந்துட்டு உடனே மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணுங்க, அதுக்கப்புறம் தான் மத்தது எல்லாம்.

எர்த் பத்தியும் சொல்லிர்றேன். "கேபினெட்டைத் தொட்டா ஜிவ்வுன்னு அடிக்குது, எஸ்எம்பிஎஸ் லீக்காகுதா"ன்னு நிறைய பேர் கேக்குறாக. எஸ்எம்பிஎஸ் உள்ள வர்ற எடத்துல ஃபில்டர் ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் (கரண்ட்டைத் தேக்கி வைக்குற பாகம்) தகரத்தோட சேந்திருக்கும், எர்த் இருந்தா அதுல வர்ற துளி கரண்ட்டு மண்ணுக்குப் போயிரும், எர்த் இல்லாத ரெண்டு ஓட்டை பிளக்குல கன்வெர்ட்டர் போட்டு மாட்டுனா அது போக்கிடம் இல்லாம கேபினெட்லயே நிக்கும், மல்டிமீட்டர் வச்சா நூறு வோல்ட்டுக்கு மேல கூட காட்டும். அந்த ஜிவ்வு எஸ்எம்பிஎஸ் நல்லா இருந்தாலும் வரும். ஆனா அப்படியே விட்டுறக் கூடாது, உள்ள நெசமாவே ஒரு ஒயரு தகரத்துல பட்டா காப்பாத்த ஒண்ணுமே இருக்காது. கொல்லைல குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு ஒரு நல்ல எர்த் எறக்கி, மெயின்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட்டு லீக்கானா தானே ஆஃப் ஆகுற ஸ்விட்ச்சு) ஒண்ணு போடச் சொல்லுங்க. கம்ப்யூட்டருக்காக மட்டும் இல்ல, வீட்டுல இருக்குற வயசானவுகளுக்கும் பிள்ளைகளுக்கும் அது வேணும்.

ஒயரு, பாக்ஸு, யூபிஎஸ்

பாயிண்ட் சரியா இருந்தா நடுவுல இருக்குறதை எல்லாம் எடுத்து ஓரமா வச்சுட்டு சிபியு ஒயரை நேரா சுவத்துல மாட்டிப் பாருங்க. ஸ்பைக் பஸ்டர்ல (நாலஞ்சு பிளக்கு மாட்டுற பாக்ஸு) தனி ஸ்விட்ச் இருக்கும், பக்கத்துலயே சின்னதா கருப்புப் பட்டன் ஒண்ணு துருத்திக்கிட்டு நிக்கும், அது ட்ரிப் ஆயிருந்தா உள்ள அமுக்கி விடணும், இது தெரியாமயே நல்ல பாக்ஸைத் தூக்கிப் போட்டவங்க உண்டு. யூபிஎஸ்ல பேட்டரி செத்துப் போயிருந்தா, சில மாடல் மெயின் கரண்ட்டு இருந்தாலும் ஆன் ஆகவே ஆகாது. வீட்டு யூபிஎஸ்ல இருக்குறது பெரும்பாலும் 12 வோல்ட்டு 7 ஆம்பியர்-அவர் பேட்டரி தான், நம்ம ஊரு வெக்கைக்கு ரெண்டு மூணு வருசம் வந்தாலே பெருசு, பேட்டரியை மட்டும் மாத்துனா போதும்.

பவர் கார்டை மாத்திப் பாக்குறது சுலபம், ஏன்னா மானிட்டர் ஒயரும் சிபியு ஒயரும் பெரும்பாலும் ஒரே மாதிரி தான், ரெண்டையும் கழட்டி மாத்தி மாட்டுங்க. எலி கடிச்ச தடம் இருக்கான்னு முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்க, அதுக்கு முன்னாடி சுவத்துல இருந்து புடுங்கிருங்க.

சிங்கப்பூர், மலேசியால இருந்து வந்த சாமானா இருந்தா பிளக்கு மூணு தட்டைப் பின்னா இருக்கும். அந்த பிளக்குக்குள்ளயே சின்ன ஃப்யூஸ் ஒண்ணு இருக்குன்னு நிறைய பேருக்குத் தெரியாது, அது போயிருந்தா கம்ப்யூட்டர் செத்த மாதிரியே தான் தெரியும். அங்கயும் நம்மளை மாதிரி 230, 240 வோல்ட்டு தான், அதனால ஓல்ட்டேஜ்ல பிரச்சினை வராது. அமெரிக்கால இருந்து வந்ததுன்னா கவனம், அங்க 120 வோல்ட்டு. பழைய எஸ்எம்பிஎஸ் பின்னால செவப்புக் கலர்ல 115, 230ன்னு மாத்துற ஸ்விட்ச் இருக்கும், அது 115ல இருக்கும்போது நம்ம ஊர் பிளக்குல மாட்டுனா டமார்னு வெடிச்சு எஸ்எம்பிஎஸ் போயிரும். மாட்டுறதுக்கு முன்னாடி பாருங்க, ஓடிக்கிட்டு இருக்கும்போது அதைத் தொடவே கூடாது.

பின்னால இன்னொரு கருப்பு ஸ்விட்ச் இருக்குல்ல, கோடும் வட்டமும் போட்டது, கோடு பக்கம் அமுந்திருந்தா ஆன், வட்டம்னா ஆஃப். வீடு கூட்டுறப்ப வெளக்கமாறு பட்டு அது ஆஃப் ஆன கேஸை நானே ரெண்டு மூணு தடவை பாத்திருக்கேன்.

ஒரு நிமிசம் ஓய்வு குடுங்க

இடி இடிச்சோ, கரண்ட்டு போயிப் போயி வந்தோ அதுக்கப்புறம் ஆன் ஆகலைன்னா இதைச் செய்யுங்க. ஒயரை முழுசா கழட்டுங்க, பட்டனை 15, 20 செகண்டு விடாம அமுக்குங்க, ஒரு நிமிசம் அப்படியே விட்டுட்டு மறுபடி மாட்டி ஆன் பண்ணுங்க. எஸ்எம்பிஎஸ் உள்ள ஒரு பாதுகாப்பு இருக்கு, ஓல்ட்டேஜ் ஏறுனாலோ ஷார்ட் ஆனாலோ அது தன்னையே பூட்டிக்கும், கரண்ட்டை முழுசா எடுத்தா தான் பூட்டு விடும். இந்த ஒரு வேலைலயே உசுர் வந்த சிபியு ரொம்ப உண்டு. அப்படியே பின்னால மாட்டியிருக்குற யூஎஸ்பி, பிரிண்டர், நெட் ஒயரு எல்லாத்தையும் கழட்டிட்டு வெறும் பவரை மட்டும் குடுத்துப் பாருங்க. முன்பக்க யூஎஸ்பி ஓட்டைக்குள்ள தகடு வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டாலும் சில மதர்போர்டு ஆன் ஆக மறுக்கும்.

இதுக்கப்புறம் தான் கேபினெட்டைத் தொறக்குறது

சுவத்துல இருந்து ஒயரைப் புடுங்கியாச்சான்னு ரெண்டு தடவை பாத்துட்டு பக்கத் தகடைக் கழட்டுங்க. செருப்பைக் கழட்டிட்டு ஆத்தங்குடிக் கல்லுத் தரைலயே உக்காந்து செய்யலாம், ஆனா ஜமுக்காளம், பாலியஸ்டர் சேலை மேல வேணாம். மதர்போர்டைத் தொடுறதுக்கு முன்னாடி கேபினெட்டுத் தகரத்தை ஒரு தடவை கையால தொட்டுக்கோங்க, உடம்புல இருக்குற ஸ்டேட்டிக் கரண்ட்டு போயிரும்.

ஒண்ணே ஒண்ணை மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் தொறக்காதீங்க. உள்ள இருக்குற பெரிய கெப்பாசிட்டர்ல 320 வோல்ட்டு சுமாருக்கு டிசி நிக்கும், ஒயரைப் புடுங்குன பிறகும் கொஞ்ச நேரம் அதுலயே இருக்கும். தூசியை வெளிய இருந்தே ப்ளோயர் வச்சு ஊதுங்க, ஃபேன் இறக்கையை விரலாலயோ குச்சியாலயோ புடிச்சுக்கிட்டு ஊதுங்க. நம்ம செம்மண் தூசி ஃபேன்ல ஒரு படலமா அப்பிக்கும், அதோட எண்ணெய்ப் பிசுக்கும் சேந்தா காத்தே போகாது.

இப்ப மதர்போர்டைப் பாருங்க. பல மதர்போர்டுல ஓரத்துல ஒரு சின்ன லைட்டு இருக்கும், பவரைக் குடுத்ததும் பட்டனை அமுக்காமயே எரியும். அது எரிஞ்சா எஸ்எம்பிஎஸ் பாதியாச்சும் உசுரோட இருக்கு, சுவரு, ஒயரு வழியா கரண்ட்டு வருதுன்னு அர்த்தம். அது எரிஞ்சும் பட்டனுக்கு அசையலைன்னா என்னோட முதல் சந்தேகம் பட்டன் மேல தான். விலை கம்மி கேபினெட்ல அந்த பட்டன் ரெண்டு மூணு வருசத்துல தேஞ்சு போயிரும். அதைக் கண்டுபுடிக்க ஒரு பைசா செலவில்ல. பட்டன்ல இருந்து வர்ற ரெட்டை ஒயரு மதர்போர்டு கீழ் மூலைல பவர் எஸ்டபிள்யூன்னு எழுதுன ரெண்டு பின்னுல மாட்டியிருக்கும். செல்போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சுட்டு அதைக் கழட்டி, பக்கத்துல இருக்குற ரீசெட் ஒயரை அந்தப் பின்னுல மாட்டுங்க, இப்ப ரீசெட் பட்டனை அமுக்குங்க. ஆன் ஆயிருச்சுன்னா பட்டன் தான் வியாதி, அப்படியே ரீசெட்டையே பவர் பட்டனா வச்சு வருசக்கணக்கா ஓட்டலாம். ஸ்விட்ச் ஒயருக்கு முன்ன பின்னங்குற கணக்கு கெடையாது, லைட்டு ஒயருக்கு மட்டும் தான் பிளஸ் மைனஸ் உண்டு.

அதுக்கடுத்து எஸ்எம்பிஎஸ்ல இருந்து போர்டுக்கு வர்ற ரெண்டு கனெக்டர். 24 பின்னு பெருசு ஒண்ணு, ப்ராசஸர் பக்கத்துல 4 இல்ல 8 பின்னு சின்னது ஒண்ணு. ரெண்டையும் கழட்டி க்ளிப்பு டக்குன்னு விழுகுற வரைக்கும் அமுக்கி மாட்டுங்க. சின்னதை மாட்ட மறந்துட்டா ஃபேன் சுத்தும், ஆனா ஒண்ணும் நடக்காது.

எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியா சோதிக்குறது

இதை மல்டிமீட்டர் கையில இருந்து, கொஞ்சம் தைரியமும் இருந்தா மட்டும் செய்யுங்க. சுவத்துல ஒயரைப் புடுங்கிட்டு எஸ்எம்பிஎஸ் ஒயரை போர்டு, ஹார்டு டிஸ்க்கு எல்லாத்துல இருந்தும் கழட்டுங்க, ஒரு கேபினெட் ஃபேனை மட்டும் சுமைக்கு மாட்டி வைங்க. 24 பின்னுல பச்சை ஒயரு ஒண்ணே ஒண்ணு தான் இருக்கும், அதையும் பக்கத்துல இருக்குற ஒரு கருப்பையும் பேப்பர் க்ளிப்பை வளைச்சு இணைங்க, கையை எடுத்துட்டு அப்புறமா பவரைக் குடுங்க. ஃபேன் சுத்துனா எஸ்எம்பிஎஸ் எந்திரிக்குதுன்னு அர்த்தம். எந்திரிச்சா மட்டும் போதாது, ஓல்ட்டேஜும் பாக்கணும். மீட்டரோட கருப்பு முனையை கருப்பு ஒயருல வச்சுட்டு மஞ்சளைத் தொட்டா 11.4ல இருந்து 12.6க்குள்ள வரணும், செவப்பு 4.75ல இருந்து 5.25, ஆரஞ்சு 3.14ல இருந்து 3.47. ஊதா ஒயரு மட்டும் க்ளிப்பு இல்லாமயே, பவர் குடுத்த உடனே 5 வோல்ட்டு காட்டணும். பட்டனை அமுக்குனதும் போர்டை எழுப்புறது அந்த 5 வோல்ட்டு தான், ஊதா செத்திருந்தா போர்டுல லைட்டே எரியாது. ஒயரு எல்லாமே கருப்பா இருக்குற புது மாடல்ல கலரை வச்சு கண்டுபுடிக்க முடியாது, அங்க யூகத்துல க்ளிப்பைச் சொருகாதீங்க, கடைக்காரர்கிட்ட விட்டுருங்க.

காலேஜ் பிள்ளைகள் நிறைய பேர் செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் சிபியு வாங்குறீங்க, டெல், ஹெச்பி, லெனோவோ மாதிரி. அதுல பலதுக்கு எஸ்எம்பிஎஸ் கனெக்டரே தனி அமைப்பு, கடைல கெடைக்குற சாதா எஸ்எம்பிஎஸ் அப்படியே பொருந்தாது, பழசைக் கையோட கொண்டு போயி பின்னை எண்ணிப் பாத்து வாங்குங்க. டெல் ஆப்டிபிளெக்ஸ் பலதுல எஸ்எம்பிஎஸ் பின்பக்கத்துலயே சின்ன பட்டனும் பச்சை லைட்டும் வச்சிருப்பாக, அமுக்குனா லைட்டு எரியணும், எரியலைன்னா அநேகமா எஸ்எம்பிஎஸ் தான், க்ளிப்பு வேலையே தேவையில்ல. கழட்டி மாட்டுற மாடுலர் எஸ்எம்பிஎஸ் வச்சிருக்குறவங்க ஒரு கம்பெனி கேபிளை இன்னொரு கம்பெனி எஸ்எம்பிஎஸ்ல மாட்டிறாதீங்க, பாக்க ஒண்ணு போலவே இருக்கும், உள்ள ஒயரு வரிசை மாறியிருக்கும், ஹார்டு டிஸ்க்கு கண்ணு முன்னாடியே புகைஞ்சு போகும்.

அரை செகண்டு சுத்தி நிக்குதா?

இது பெரும்பாலும் எங்கயோ ஷார்ட், எஸ்எம்பிஎஸ் பயந்து தன்னை நிப்பாட்டிக்குது. கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க்கு, டிவிடி எல்லாத்தையும் கழட்டிட்டு ப்ராசஸர், அதோட ஃபேன், ஒரே ஒரு ரேம், இவ்வளவு மட்டும் வச்சு ஆன் பண்ணுங்க. நின்னு ஓடுனா ஒவ்வொண்ணா திருப்பி மாட்டுங்க, எதை மாட்டுனப்ப நிக்குதோ அது தான் ஆளு. ஒவ்வொரு தடவையும் பவரை அமத்திட்டுத் தான் மாட்டணும். கழண்டு விழுந்த ஸ்க்ரூ போர்டுக்கு அடியில கெடக்கான்னு கேபினெட்டை லேசா சாச்சு ஆட்டிக் கேளுங்க, கடகடன்னா இருக்கு. ரேமை ரப்பர் வச்சுத் துடைக்குறது நல்லது தான், படம் வராததுக்கும் பீப் சத்தத்துக்கும் அது கேக்கும், ஃபேனே சுத்தாத சிபியுவுக்கு ரேமைத் துடைச்சு அநேகமா பிரயோஜனம் இல்ல.

போர்டுல இருக்குற வட்ட பேட்டரி சிஆர் 2032, நல்லா இருந்தா 3 வோல்ட்டு காட்டும். வருசத்துல பாதி நாள் பூட்டிக் கெடக்குற வீட்டு கம்ப்யூட்டர்ல இது சீக்கிரம் செத்துப் போகும், ஏன்னா கரண்ட்டு மாட்டாத நேரம் எல்லாம் கடிகாரத்தை ஓட்டுறது அது தான். பெரும்பாலும் தேதி நேரம் மட்டும் தான் தப்பும், சில பழைய போர்டு அது செத்தா எந்திரிக்கவே செய்யாது. அம்பது ரூபாய் சுமாருக்குள்ள கெடைக்கும், மாத்திப் பாத்துருங்க.

கடைசியா கெப்பாசிட்டரைப் பாருங்க, போர்டுல சின்னச் சின்ன டப்பா மாதிரி நிக்கும், தலை தட்டையா இருக்கணும், உப்பியிருந்தாலோ பழுப்பா கசிஞ்சிருந்தாலோ அங்கயே நிறுத்திருங்க. கருகுன வாடை வந்தாலும் அதே தான், இன்னொரு தடவை பவர் குடுத்துப் பாப்போம்னு ஆசைப்படாதீங்க.

கடைக்குக் கொண்டு போறதுன்னா சிபியுவை மட்டும் கொண்டு போங்க, மானிட்டர், கீபோர்டு வேணாம், ஆனா பவர் கார்டை மறக்காம எடுத்துக்கோங்க, நிறைய தடவை வியாதியே அதுல தான் இருக்கும். டவுன் பஸ்ஸுல போறதா இருந்தா பெரிய கிராபிக்ஸ் கார்டு இருந்தா கழட்டி துண்டுல சுத்தி தனியா வைங்க, கேபினெட்டை நிக்க வைக்காம மதர்போர்டு கீழ் பக்கம் வர்ற மாதிரி சீட்டுல படுக்க வைங்க. எழுதி வச்ச பேப்பரைக் கடைக்காரர் கையில குடுங்க. ஆன் பண்ணி உங்க கண்ணு முன்னாடி ஒரு தடவை சோதிக்கச் சொல்லுங்க. அங்க மாட்டுன உடனே நல்லா ஓடுச்சுன்னா ஒண்ணும் மாத்தாம திருப்பி எடுத்துக்கிட்டு வாங்க, உங்க வீட்டுப் பாயிண்ட்டைத் தான் பாக்கணும்.